கேக்குது, ஆனா வெளங்கல: காக்லியர் மெஷினில் கோளாறு தேடும் வழி

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு நாலு வயதில் காக்லியர் ஒப்பரேஷன் நடந்தது, இப்போது ஏழாம் வகுப்பு. இந்த எட்டு வருஷத்தில் அவளுடைய மெஷின் மழையில் நனைந்திருக்கிறது, அடுப்புப் புகை குடித்திருக்கிறது, ஒரு தடவை நாய்க்குட்டி கேபிளைக் கடித்துத் துப்பியும் இருக்கிறது. அக்கம்பக்கத் தோட்டங்களில் இதே மெஷின் போட்ட பிள்ளைகளின் வீட்டார் கோளாறு என்றால் முதலில் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள். போன் திருத்துகிறவனுக்கு இதுவும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு மெஷினைத் திருத்தத் தெரியாது. எந்த இடத்தில் பார்ப்பது என்று மட்டும் பழகிவிட்டது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: காதில் மாட்டும் புரொசசரில் மைக்கும் பட்டரியும் இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள், தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டக் கொயிலுக்குப் போகும். கொயில் சத்தத்தைத் தோலுக்கு அடியில் ஒப்பரேஷனில் வைத்த பாகத்துக்கு (இம்பிளாண்ட்) அனுப்பும், அது காது நரம்புக்குக் கரண்டாகக் கொடுக்கும்.

கோல் எடுப்பவர்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: "பிள்ளை இப்பெல்லாம் சொன்னத கேக்குறதே இல்ல, வெளையாட்டுப் புத்தி." நான் கேட்கும் முதல் கேள்வி, சத்தமே கேட்கவில்லையா, சத்தம் கேட்டும் பேச்சு விளங்கவில்லையா? இரண்டுக்கும் தேடும் இடம் வேறு. இதைப் பிரிக்காமல் பிள்ளையை ஏசுவதும், விடியக் காலையில் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் 'பட்டரி மாத்துங்க' என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவதும் நானே செய்தவைதான்.

ஒரு விஷயம் முதலிலேயே. போனைக் கழற்றுவதுபோல் புரொசசரைக் கழற்றாதீர்கள். நானே கழற்றுவதில்லை.

எதற்கும் முன்னால்: ஆறு சத்தம்

டேனியல் லிங் என்பவர் வகுத்துக் கொடுத்த பரிசோதனை இது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். அவ்வளவுதான். பேச்சில் வரும் தாழ்ந்த சத்தத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருப்பார், முக்கால்வாசி வீடுகளில் ஆறே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் காலையில் தலை பின்னும்போது செய்கிறோம். பின்னால்தானே நிற்கிறோம், உதடு தெரியாது.

வாயைக் கையால் மூடிக்கொண்டு சொல்லாதீர்கள், சத்தமே மாறிவிடும். பின்னால் நின்று, சாதாரணமாகப் பேசும் குரலில், வரிசையைக் கலைத்துச் சொல்லுங்கள். கேட்டதைப் பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். இடைவெளியையும் மாற்றுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை தாளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஸ், ஷ் சொல்லும்போது பிடரியில் காற்றுப் படக்கூடாது, கூச்சத்தில் திரும்பிவிட்டு 'கேட்டது' என்பார்கள். கிட்டே சரியாக வந்தால் மூன்று மீட்டர் தள்ளி நின்றும் பாருங்கள்.

ஆறும் போய்விட்டதென்றால் பட்டரி, கேபிள், கொயில் பக்கம் போங்கள். ஸ், ஷ் மட்டும் போயிருந்தால் மைக் அடைத்திருக்கலாம், ஈரம் புகுந்திருக்கலாம். ம், ஊ போன்ற தாழ்ந்த சத்தம் மட்டும் போனாலோ, எல்லாம் கேட்டும் ஒன்றை இன்னொன்றாகத் திருப்பிச் சொன்னாலோ அது பெரும்பாலும் மெப்பிங் (கிளினிக்கில் பிள்ளையின் காதுக்கு அளந்து கரண்ட் அளவை மெஷினில் வைப்பது) விஷயம், வீட்டில் தீராது. தினமும் முடிவை ஒரு பழைய கலண்டரில் குறித்து வையுங்கள். பின்னால் அதுதான் பேசும்.

அறிகுறி 1: ஒன்றுமே கேட்கவில்லை

*பட்டரி.* இதில் மலைநாட்டுக்கென்று சில தொல்லைகள் உண்டு. நாம் போடும் 675 பட்டரி காற்றை உள்ளே இழுத்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்தவுடன் மெஷினுக்குள் தள்ளாதீர்கள். மூன்று நாலு நிமிஷம் காற்றுப்பட வையுங்கள். குளிரில் பட்டரி சோம்பும். நுவரெலியா மாதிரி 1,800 மீட்டருக்கு மேலே உள்ள இடத்தில் காற்றும் மெலிசு. சட்டைப் பையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிப் போட்டால் அதே பட்டரி வேலை செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

டவுன் கடையில் '675' என்று கேட்டால் சாதாரண காது மெஷின் பட்டரியைத் தருவார்கள். அளவு ஒன்றுதான், பொருந்தும். ஆனால் காக்லியருக்கு வேண்டிய கரண்டை அதனால் தர முடியாது. சிலது ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும், சிலதில் மெஷின் எழும்பவே எழும்பாது. அட்டையில் இம்பிளாண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டு பட்டரி போடும் மெஷின் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய்க் கையால் தொட்டால் அந்தக் குட்டித் துளைகள் அடைபடும்.

சார்ஜ் பண்ணும் பட்டரி வைத்திருப்பவர்கள்: இரவு கரண்ட் போயிருந்ததா? சார்ஜர் லைட்டை நம்பாமல் வேறொரு பட்டரி போட்டுப் பாருங்கள். வருஷக் கணக்கில் பாவித்த பட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறியதுபோல் காட்டிவிட்டுப் பத்து மணிக்கே படுத்துவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பட்டரி மூடியைப் பூட்டி வையுங்கள். பட்டரியை விழுங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

*செட்டிங்.* புரோகிராம் மாறியிருக்கிறதா, வொலியம் இறங்கியிருக்கிறதா, ரிமோட்டில் மைக்கை மூடி வைத்திருக்கிறதா. தம்பி தங்கை கையில் ரிமோட் போனால் இதுதான் நடக்கும்.

*கேபிள்.* எங்கள் அனுபவத்தில் அதிகம் செத்துப்போவது இதுதான். இரண்டு முனையிலும் வளையும் இடத்தைப் பாருங்கள். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். கையிருப்பில் ஒரு கேபிள் இருந்தால் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் இதே மாடல் வைத்திருக்கும் வீட்டில் ஒரு நிமிஷம் கடன் வாங்கலாம்.

ஆனால் இன்னொரு பிள்ளையின் புரொசசரை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளையின் காதுக்கு அளந்து வைத்த கரண்ட் அளவு அதில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது தாங்க முடியாத சத்தமாகப் போகலாம். இரண்டு காதிலும் போட்டவர்கள் வலதையும் இடதையும் மாற்றிப் போடுவதும் அதே கதைதான். வலது சிவப்பு, இடது நீலம், ஸ்டிக்கர் உரிந்திருந்தால் நெய்ல் பொலிஷால் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*கொயில்.* கேபிளுக்கு அடுத்தது. சில கொம்பனிகள் கொயில் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சின்னச் சோதனைக் கருவி தந்திருக்கும். பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள், பலர் அதைத் திறந்ததே இல்லை.

பட்டரி, கேபிள், கொயில் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இரண்டுதான்: புரொசசர், அல்லது தலைக்குள் இருக்கும் பாகம். இரண்டுமே நம் கைக்கு வெளியே. அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். 'அடுத்த மெப்பிங் வரும்வரை பார்ப்போம்' என்று விடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு மாதம் சத்தம் இல்லாமல் போவது சின்ன விஷயம் அல்ல.

அறிகுறி 2: விட்டு விட்டுக் கேட்கிறது

பிள்ளையை உட்கார வைத்து, நீங்கள் ஒன்று இரண்டு மூன்று என்று தொடர்ச்சியாக எண்ணிக்கொண்டே கேபிளை மெல்ல வளையுங்கள். எண்ணிக்கை எங்கே நின்றது என்று பிள்ளையே சொல்லும். சொல்லத் தெரியாத வயதென்றால் லைட்டைப் பாருங்கள்.

கேபிள் நல்லதென்றால் பட்டரி தொடும் தகட்டைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

அப்புறம் கொயிலுக்கும் தோலுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குளிருக்குத் தடித்த தொப்பி, எண்ணெய் தேய்த்த அடர்ந்த முடி, இறுக்கிப் பின்னிய ஜடை. கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் ஒப்பரேஷன் நடந்தது. வீட்டில் நன்றாகக் கேட்கிறது, மலைக்குப் போனால் விட்டு விட்டு வருகிறது என்றார். கூடைக் கயிறு தலையில் எங்கே படுகிறது என்று காட்டச் சொன்னேன். கொயிலின் மேல் விளிம்பில். கூடை நிறைய நிறைய கயிறு இறங்கிக் கொயிலைத் தள்ளுகிறது. கயிற்றை முன்னே நகர்த்திக் கட்டினார், பாதிதான் சரியானது. அப்படி ஒரு பாரக் கயிறு அந்த இடத்தில் அழுத்துவது உள்ளே இருக்கும் பாகத்துக்கும் நல்லதல்ல, டொக்டரிடம் கடிதம் வாங்கி வேறு வேலை கேட்கச் சொன்னேன்.

கேபிள், கொயில் எல்லாம் மாற்றிய பிறகும் விட்டு விட்டு வந்தால் உள்பாகத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எப்போது, எத்தனை நிமிஷம், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று எழுதிக்கொண்டு போங்கள். ஏனென்றால் அங்கே போய் உட்கார்ந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் கடைக்கு வரும் போன்களும் அப்படித்தான்.

அறிகுறி 3: கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

அதிகம் வரும் கோல் இதுதான். எப்படித் தொடங்கியது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

*ஒரே நாளில் மந்தமானது.* ஈரம்தான் முதல் சந்தேகம். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை, பதுளை பண்டாரவளைப் பக்கத்தாருக்கு டிசம்பரை ஒட்டிய மாதங்கள். மழையில் நனையவே வேண்டாம், மூட்டத்தில் நடந்து வந்தாலே போதும். பட்டரியைக் கழற்றி, மெஷினைத் துணியால் ஒற்றி, ஈரத்தை எடுக்கும் டிரை பொக்ஸில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். காற்றுப் பட்டரியை டிரை பொக்ஸுக்குள் போடாதீர்கள், அதுவும் காய்ந்து செத்துவிடும். கரண்டில் வேலை செய்யும் டிரை பொக்ஸ் இல்லாதவர்கள், இறுக மூடும் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வைத்துக்கொள்ளலாம். நிறம் மாறிய ஜெல்லை வைத்திருப்பதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான்.

அரிசிக்குள் புதைக்காதீர்கள், அரிசித் தூள் மைக் துளைக்குள் போகும். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம். இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு ஜூன் மாதம் மகள் தொப்பலாக நனைந்து வந்தாள். நான் கடையில் இருந்தேன். என் அம்மா, ஈரக் கம்பளியைக் காய வைப்பதுபோல், மெஷினை ஒரு நூலில் கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுவிட்டார். பேத்தி மேல் அவ்வளவு அக்கறை. காலையில் எடுத்துப் பார்த்தால் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. மைக்கின் மூடி மட்டும் புட்டு அவித்த பானையின் அடி மாதிரி கறுத்திருந்தது. ஆறு சத்தத்தில் நாலு வந்தது. ஸ், ஷ் இரண்டும் இல்லை. மூடியை மாற்றிய பிறகும் ஸ் பாதிதான் திரும்பியது. கடைசியில் மைக்கையே மாற்ற வேண்டி வந்தது.

*மெல்ல மெல்ல மந்தமானது.* மைக் மூடியைப் பாருங்கள். விறகு அடுப்பு இருக்கும் வீட்டில், ஊதுபத்தி கொளுத்தும் வீட்டில், பவுடர் போடும் பிள்ளைக்கு, அது சீக்கிரம் அடைபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். புகையுள்ள வீட்டில் அதற்கும் முன்னாலேயே மாற்றுங்கள். பிள்ளை சொல்லாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் அதற்கே தெரியாது. மகள் ஒரு நாள் "டீச்சர் வாயில பஞ்சு வச்சிக்கிட்டுப் பேசுறாங்க" என்றாள். டீச்சருக்குத் தடிமன் என்று நினைத்தோம்.

சில மாடல்களுக்கு மைக்கில் வருவதை நாம் கேட்டுப் பார்க்கும் இயர்போன் உண்டு. உங்கள் பெட்டியில் இருந்தால் மாதம் ஒருமுறை மாட்டிக் கேளுங்கள். கரகரப்பு, மூடிய சத்தம் எல்லாம் உங்களுக்கே விளங்கும்.

மைக் நன்றாக இருந்தும் மாதக் கணக்கில் குறைந்துகொண்டே போனால் மெப்பிங்குக்கு நாள் கேளுங்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் வருஷம் அடிக்கடி கூப்பிடுவார்கள். பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப்போகும். நாமும் பஸ் காசையும் ஒரு நாள் சம்பளத்தையும் நினைத்து இன்னும் தள்ளிவிடுகிறோம். அங்கே போனால் எலக்ட்ரோட் (நரம்புக்குக் கரண்ட் கொடுக்கும் குட்டி முனை) ஒவ்வொன்றையும் சோதித்தார்களா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோட் கொம்பனியைப் பொறுத்து 12, 16, 22 என்று மாறும். அதில் ஒன்றிரண்டு கெட்டால் அதை அணைத்துவிட்டு மிச்சத்தை வைத்து மெப்பை ஒழுங்குபடுத்த முடியும்.

*காலையில் மட்டும் மந்தம்.* கம்பளித் தொப்பி. காதை மூடும் தொப்பி மைக்கையும் மூடும், உரசி சர் சர் என்று சத்தமும் போடும். மைக் இருக்கும் இடத்தில் தொப்பியில் ஓட்டை போடுங்கள், அல்லது தொப்பியை மடித்து விடுங்கள். இதற்காக ஒருவர் கண்டி வரை போய் வந்தார்.

*சில சொற்கள் மட்டும் மாறி விளங்குகிறது.* மெஷின் கோளாறா, பழக்கமா என்று பிரிக்க நான் வைத்திருக்கும் வழி: 'பல்' என்பதும் 'பால்' என்பதும் குழம்பினால் மெஷினைப் பாருங்கள். நீளம் குறுக்கம் இந்த மெஷினில் நன்றாகவே தெரிய வேண்டும். 'கல்', 'பல்' குழம்பினாலோ 'பட்டு', 'பத்து' குழம்பினாலோ பயப்பட வேண்டாம். நல்ல மெஷின் போட்ட பெரியவர்களுக்கே அது கஷ்டம். உதடு பார்த்தும் பிறகு பார்க்காமலும் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

'மலை', 'மழை' வைத்துச் சோதிக்காதீர்கள். மகள் அதில் தவறிக்கொண்டே இருந்தாள், நானும் கவலைப்பட்டேன். ஒரு நாள் என் குரலையே போனில் பதிந்து கேட்டேன். 'மள' என்றுதான் சொல்லியிருந்தேன். எங்கள் வாயில் ழ என்றைக்கு வந்தது, அவளுக்குக் கேட்பதற்கு?

*ஒப்பரேஷன் முடிந்து சில வாரம்தான் ஆகிறது.* தகரத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, கார்ட்டூன் குரல் மாதிரி இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோளாறு அல்ல. மாதங்கள் எடுக்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போட்டால் மூளை பழகாது.

அறிகுறி 4: வீட்டில் விளங்குகிறது, ஸ்கூலில் விளங்கவில்லை

மெஷினில் ஒன்றும் இல்லை, அறையில் இருக்கிறது கோளாறு. ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்பு, மேலே தகரம், அதன் மேல் மழை. நல்ல காதுக்கே டீச்சர் என்ன சொல்கிறார் என்று தெரியாது. காக்லியர் போட்டவருக்கு இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது நம்மைவிடப் பல மடங்கு கஷ்டம்.

காசு செலவில்லாதது முதலில். முன் வரிசை. மெஷின் போட்ட பக்கம் டீச்சர் பக்கமாக, மற்றப் பக்கம் சுவர் பக்கமாக. ஜன்னலுக்கும் பாதைக்கும் தள்ளி. பேசுகிறவர் நெருங்க வேண்டும்: தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், எந்தப் புரோகிராமும் அவ்வளவு சுலபமாக அதைத் தராது. கத்த வேண்டாம், கத்தினால் வாயின் வடிவமும் சத்தமும் குலையும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் திரும்பிப் பேசச் சொல்லுங்கள். மழை கொட்டும்போது எழுதிக் காட்டச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

அடுத்து, இரைச்சலுக்கான புரோகிராம் மெப்பில் இருக்கிறதா, பிள்ளைக்கு மாற்றத் தெரியுமா என்று பாருங்கள். முன்னால் வரும் சத்தத்தை மட்டும் எடுக்கும் புரோகிராம் என்றால் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது, அதை டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, டீச்சர் கழுத்தில் மாட்டும் வயர்லெஸ் மைக். விலை அதிகம். ஆனால் ஸ்கூல் பிரச்சினைக்கு உண்மையில் தீர்வு என்று நான் நம்புவது இது ஒன்றைத்தான். வாங்குமுன் உங்கள் புரொசசர் மாடலுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோவில் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம், லவுட்ஸ்பீக்கர். பெரிய சத்தம் வந்தால் மெஷின் தானாகவே எல்லாவற்றையும் அமுக்கிவிடும், பக்கத்தில் பேசுவதும் சேர்ந்து அமுங்கும். அங்கே பேச்சு விளங்காதது கோளாறு அல்ல.

அறிகுறி 5: போனில் மட்டும் விளங்கவில்லை

ஒரு பையன், அம்மா குவைத்தில் வேலை, அம்மாச்சியோடு இருக்கிறான். வெள்ளிக்கிழமை கோல் வரும். அவன் எல்லாவற்றுக்கும் 'ம்' 'சரி' என்பான். அம்மாவுக்கு மனவருத்தம், பிள்ளை ஒட்டுவதே இல்லை என்று. கடைக்குக் கூட்டி வந்தார்கள். நான் என் இன்னொரு போனிலிருந்து அவனுக்கு எடுத்தேன். எல்லோரும் வைப்பதுபோல் காது ஓட்டையில் போனை வைத்தான். அவனுக்கு அந்த ஓட்டையால் ஒன்றும் கேட்காது, மைக் காதுக்கு மேல் விளிம்பில் இருக்கிறது. போனை இரண்டு விரல்கடை மேலே தூக்கிச் சாய்த்து வைத்தேன். "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரொட்டி" என்றான்.

ஆக, முதலில் போனை மைக்குக்கு நேரே பிடியுங்கள். பிறகு ஸ்பீக்கர். பிறகு வீடியோ கோல், உதடு தெரியும், ஆனால் நெட் இழுத்தால் உதடும் குரலும் பொருந்தாமல் இன்னும் குழப்பும். புதிய மாடல்களில் புளூடூத் வழியாக நேராகவே வரும். வொய்ஸ் மெசேஜ் நல்ல பயிற்சி, திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

அறிகுறி 6: 'ம்ம்ம்' என்று இரைகிறது

டெலிகொயில் (மைக்குக்குப் பதிலாகக் காந்த அலையை எடுக்கும்) புரோகிராமில் விட்டிருக்கிறீர்கள். டியூப் லைட், ட்ரான்ஸ்போமர், பழைய டிவி பக்கத்தில் போனால் கூடும், தள்ளிப் போனால் குறையும். புரோகிராமை மாற்றுங்கள். மாற்றியும் போகாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 7: கொயில் விழுகிறது, அல்லது அந்த இடம் சிவக்கிறது

விழுந்தால் உடனே பலமான காந்தம் கேட்காதீர்கள். முடி வளர்ந்திருக்கிறதா பாருங்கள், அந்த ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தை ஒட்ட வெட்டினாலே பிடிக்கும். திடீரென்று பிடிக்காமல் போனால் தோல் வீங்கியிருக்கலாம், தடவிப் பாருங்கள்.

சிவந்திருந்தால் காந்தம் பலம் கூடிவிட்டது. தோல் பழைய நிறத்துக்குத் திரும்பும் வரை கழற்றி வையுங்கள், பிறகு காந்தத்தைத் தளர்த்துங்கள். தளர்த்தும் முறை மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டைப் பாருங்கள். தோல் உரிந்தாலோ கசிந்தாலோ மருந்தெண்ணெய், மஞ்சள் ஒன்றும் போடாமல் ஈஎன்டி கிளினிக்குக்குப் போங்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அறிகுறி 8: பிள்ளை போட மாட்டேன் என்கிறது

அடம் என்று முடிவு கட்டுமுன் கொயிலுக்கு அடியில் தோலைப் பாருங்கள். பிறகு புரோகிராமும் வொலியமும். இரண்டும் சரியென்றால், பாத்திரம் விழும்போது, கதவு அடிக்கும்போது கண்ணை இறுக்குகிறதா, மெஷினைப் பிடுங்குகிறதா என்று கவனியுங்கள். மெப்பில் மேல் அளவு கூடிப்போயிருக்கும். புது மெப் போட்டு வந்த வாரத்தில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், பழைய புரோகிராமுக்கு மாற்றிவிட்டுக் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

சத்தம் கேட்கும்போது கண்ணோ வாயோரமோ துடித்தால் கரண்ட் முகநரம்பைத் தொடுகிறது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு மெப்பிங்குக்குப் போங்கள். பெரும்பாலும் மெப்பிலேயே சரிசெய்வார்கள்.

நன்றாகப் பாவித்த பிள்ளை காரணமில்லாமல் மறுத்தால், உள்பாகம் பழுதாகத் தொடங்கும்போதும் இப்படி நடக்கும். வெளியில் எல்லாம் மாற்றியும் தீராவிட்டால் சோதிக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள். எங்களை ஒரு இடத்தில் "பிள்ளைக்குப் பழக்கம் போதாது" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை ஆறு சத்தக் கலண்டரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்றைக்குத்தான் முழுசாகச் சோதித்தார்கள்.

காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி, கடும் தலைவலி, பிள்ளை சோர்ந்து கிடப்பது: மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். காக்லியர் போட்டவருக்கு அந்த ஆபத்து மற்றவரைவிட அதிகம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகக் காக்லியர் இருப்பதைச் சொல்லுங்கள். நியுமோகொக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே கிளினிக் கொப்பியில் பாருங்கள்.

காதில் சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம், காது வலியோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். ஒப்பரேஷன் செய்த பக்கம் தலையில் அடிபட்டால், மெஷின் வேலை செய்தாலும் காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் உள்ளே காந்தம் இருப்பதைச் சொல்லி, இம்பிளாண்ட் அட்டையைக் காட்டாமல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

மெப்பிங்குக்குப் போகும்போது பையில்

கினிகத்தேனை வளைவெல்லாம் தாண்டிப் போய், 'கேபிள் கொண்டு வரலியா' என்று கேட்டால் வரும் ஆத்திரம் இருக்கிறதே. ஆகவே: மெஷின், ரிமோட், சார்ஜர், கையிருப்புக் கேபிள், பழுதான கேபிளும், இம்பிளாண்ட் அட்டை, வரன்டிக் கடுதாசி, ஆறு சத்தக் கலண்டர். பட்டரி ஒரு சோடி புதிது, உரிக்காமல்.

அங்கே பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். பிள்ளைக்குக் குழம்பும் சொற்களைத் தமிழில் சொன்னால் அவர்களுக்கு எந்தச் சத்தம் என்று பிடிபடாது. நான் சொல்லை எழுதி, பக்கத்தில் அதன் சத்தத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு போகிறேன். பக்கத்துக் கடை மல்லி எழுதித் தருவான். 'கல்', 'பல்' என்று அந்தத் தாளைப் பார்த்து, மெப்பிங் செய்யும் ஓடியோலொஜிஸ்ட் வாசித்தபோது மகள் சிரித்துவிட்டாள். அவர் சொன்ன இரண்டும் அவளுக்குச் சரியாகக் கேட்டது, எனக்குத்தான் ஒன்று போலக் கேட்டது.